கால் ஊன்ற இடமில்லாத வண்டி

39 வயது நிறையும்வரை எனக்கு மிதிவண்டியைத் தவிர வேறு எந்த வண்டியையும் ஓட்டத் தெரியாது. அந்த மிதிவண்டியிலும் ஏறுவதற்கு ஒரு திண்ணை வேண்டும், இறங்குவதற்குக் கடவுள் துணை வேண்டும். சேலத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியராக இருக்கும் நான் வேலைக்கு நகரப் பேருந்தில் போய் வந்துகொண்டிருந்தேன். கடைவீதி, கல்யாணம், மருத்துவமனை என்று வேறு எங்கே போவதானாலும் ஸ்கூட்டரை ஓட்டுவது என் மனைவி. பின்னால் அமர்ந்து காய்கறிப் பையையும் மகளையும் பிடித்துக்கொள்வது நான். இந்த ஏற்பாட்டில் எங்களுக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை, பார்க்கிறவர்களுக்குத்தான் இருந்தது. ஒருநாள் அஸ்தம்பட்டி ரவுண்டானா அருகே நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற பேருந்தின் சன்னலிலிருந்து என் வகுப்பு மாணவன் ஒருவன் தலையை நீட்டி, "ஐயா, அம்மாவைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க" என்று உண்மையான அக்கறையோடு சொன்னான். மறுநாள் மாலையே ஸ்கூட்டர் பழகத் தொடங்கினேன். அது 2014ஆம் ஆண்டு.

கியர் இல்லாத ஸ்கூட்டருக்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை, வலக்கையைத் திருகினால் போகும், இரண்டு கைப்பிடிகளையும் அழுத்தினால் நிற்கும் என்று மனைவி சொல்லிக்கொடுத்தார். எனக்கு என்னவோ கையில் இருந்த பிரேக்கைவிடக் காலில் இருந்த செருப்பின்மேல்தான் நம்பிக்கை அதிகமாக இருந்தது. ஆகவே இரண்டு கால்களையும் இரு பக்கமும் தொங்கவிட்டு, ஒகேனக்கல் பரிசல்காரர் துடுப்புப் போடுவதைப்போலத் தரையைத் தள்ளியும் தேய்த்தும் வண்டியைச் செலுத்தினேன். ஒரே மாதத்தில் இரண்டு சோடிச் செருப்புகள் குதிகாலில் ஓட்டை விழுந்து போயின. அவற்றைத் தைக்கக் கொடுத்தபோது, வேப்பமரத்தடியில் கடை போட்டிருந்த பெரியவர் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காலுக்கு வைத்தியம் பாத்துட்டு அப்புறமா செருப்பத் தைக்கலாமுங்க" என்றார்.

பழகுநர் உரிமம் வாங்கி 30 நாள்கள் கழிந்த பிறகு எட்டுப் போடும் தேர்வுக்குப் போனேன். கால் தரையில் படக் கூடாது என்பதுதான் அந்தத் தேர்வின் முக்கியமான பாடம். நான் படிக்காமல் போன பாடமும் அதுவே. பழைய தமிழ் எண்களில் எட்டு என்பது ஏறக்குறைய அகரத்தின் வடிவில் இருக்கும் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிவருகிறவன் நான். அன்று என் ஸ்கூட்டர் போட்டது ஆங்கில எட்டாகவும் இல்லை, தமிழ் எட்டாகவும் இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை முதன்முதலாக எழுதிப் பார்க்கும் 'ஞௌ'வைப்போல் இருந்தது. அந்த ஓரெழுத்தை எழுதி முடிப்பதற்குள் நான்கு இடங்களில் கால் ஊன்றியிருந்தேன். இரண்டாம் முறை, கால் கீழே பட்டால் வீட்டுக்கு நடந்தே வாருங்கள் என்று மனைவி சொல்லி அனுப்பியதால் தேறிவிட்டேன்.

உரிமம் கிடைத்ததே தவிர, கால் திருந்தவில்லை. சிக்னலில் நின்றால் இடக்கால், கடைக்காரரிடம் பேச நின்றால் வலக்கால், நாய் குறுக்கே வந்தால் இரண்டு கால்களும் என்று என்னுடைய வண்டியோட்டும் அறிவு முழுவதும் கணுக்காலுக்குக் கீழேயே ஏழு ஆண்டுகள் குடியிருந்தது. இந்த நிலையில்தான் 2021இல், பணி ஓய்வு பெற்ற எங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியர் தம்முடைய பழைய மாருதி 800ஐ என் தலையில் கட்டினார். கட்டினார் என்று சொல்வது நன்றிகெட்ட பேச்சு, நானேதான் ஆசைப்பட்டுக் கேட்டேன். 1983 திசம்பரில் முதல் வண்டியின் சாவியை இந்திரா காந்தி ஒருவர் கையில் கொடுத்ததிலிருந்து 2014இல் உற்பத்தி நிறுத்தப்பட்டதுவரை அந்த வண்டியின் வரலாற்றை அவர் ஒரு பாடவேளை நடத்தினார். மூன்று சிலிண்டர், 796 சி.சி., அகலம் 1.44 மீட்டர் என்று எண்களையும் அடுக்கினார். மற்றவை மறந்துபோனாலும் இந்த அகலத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் அழுத்திச் சொன்னதன் பொருள், பிற்பாடு சின்னக்கடை வீதியில்தான் எனக்கு விளங்கியது.

கார் பழகுவதற்கு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேர்ந்தேன். முதல் நாள் காலை ஆறு மணிக்கு எல் பலகை மாட்டிய வண்டியிலிருந்து இறங்கி, "வணக்கம் ஐயா" என்று கும்பிட்ட மாஸ்டரைப் பார்த்ததும் எனக்கு வியர்த்தது. பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். படித்தவர் என்பதைவிட, என் பாடவேளைகளில் பெரும்பாலும் பெஞ்சின்மேல் நின்றவர் என்பதே பொருத்தம். வினைத்தொகையையும் பண்புத்தொகையையும் பிரித்தறியத் தெரியாததற்காக ஒரு வாரம் அவரை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். அன்றுவரை என் நினைவில் 'அவன்' ஆக இருந்தவர், இடப்பக்க இருக்கையில் அமர்ந்து தம் காலடியில் இருந்த தனி பிரேக்கையும் தனி கிளட்சையும் ஒருமுறை மிதித்துப் பார்த்துக்கொண்ட அந்த நொடியிலிருந்து 'அவர்' ஆகிவிட்டார். இலக்கணத்தில் இதை மரியாதைப் பன்மை என்போம். அன்றைக்கு அது உயிர்பயப் பன்மையாக இருந்தது.

"ஐயா, வலதுலேருந்து இடதுக்கு ஏ, பி, சி. ஆக்சிலேட்டர், பிரேக், கிளட்ச். சொல்லுங்க பாப்போம்" என்றார். சொன்னேன். "இப்ப இடதுலேருந்து." தமிழாசிரியனை ஆங்கில அரிச்சுவடியைத் தலைகீழாக ஒப்பிக்கவைத்துவிட்டு, அவர் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. அந்த நாகரிகத்தை அவருக்கு நான் கற்பிக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

ஏபிசியை வாய் கற்றுக்கொண்டது, உடம்பு கற்றுக்கொள்ளவில்லை. ஏழு ஆண்டுகளாக வலது மணிக்கட்டைத் திருகினால் வண்டி போகும் என்று பழகியவனுக்கு, வேகம் வேண்டும்போதெல்லாம் ஸ்டியரிங்கை முறுக்குப் பிழிவதைப்போலத் திருகத் தோன்றியது. நிறுத்த வேண்டும்போது இரண்டு கைகளின் விரல்களும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, அங்கே இல்லாத பிரேக்கைத் தேடின. இவையெல்லாம் வெளியே தெரியாத குற்றங்கள். வெளியே தெரிந்தது வைப்பர்தான். ஸ்கூட்டரில் இண்டிகேட்டர் பொத்தான் இடது கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருக்கும். அந்தக் காரிலோ இண்டிகேட்டர் குச்சி ஸ்டியரிங்கின் வலப்பக்கம், வைப்பர் குச்சி இடப்பக்கம். ஆகவே நான் திரும்ப எண்ணிய ஒவ்வொரு முனையிலும் என் இடக்கை முந்திக்கொண்டு வைப்பரை முடுக்கிவிட்டது. சேலத்துச் சித்திரை வெயிலில், கண்ணுக்கெட்டிய தொலைவுவரை ஒரு துளி மேகம் இல்லாத வானத்தின் கீழ், என் கார் மட்டும் மழையைத் துடைத்துக்கொண்டே போகும். நான்காம் நாள் ஒரு திருப்பத்தில் பின்னால் வந்த பால் வண்டிக்காரர் எங்களை ஒட்டிவந்து, "மழ எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இவற்றையெல்லாம் மாஸ்டர் பொறுத்துக்கொண்டார். அவரைக் கலங்கவைத்தது ஏழாம் நாள். கன்னங்குறிச்சிப் பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தபோது ஓர் ஆடு, அதற்குப் பின்னால் இரண்டு குட்டிகள், அவற்றுக்குப் பின்னால் ஒரு சிறுமி என்று ஊர்வலமாகச் சாலையைக் கடக்க வந்தார்கள். அப்போது நான் செய்ததை நானே நம்பவில்லை. வலக்கையால் கதவைத் திறந்தேன், வலக்காலை வெளியே நீட்டினேன். கால் ஊன்றித்தானே வண்டியை நிறுத்த வேண்டும்! தம் பக்கத்து பிரேக்கை மாஸ்டர் மிதித்தபோது, என் செருப்பு தார்ச்சாலையில் உராய்ந்து கழன்று பத்தடி பின்னால் கிடந்தது. ஆடுகள் போய்விட்டன. சிறுமி மட்டும் நின்று, செருப்பை எடுத்துவந்து கொடுத்தாள். மாஸ்டர் சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, பெஞ்சின்மேல் நின்ற காலத்துக் குரலில் மிகமெதுவாகச் சொன்னார்: "ஐயா, இது நாலு சக்கரமுங்க. நின்னாலும் விழாது."

இவ்வளவு எளிய உண்மையை எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

பயிற்சியின் இடையிலேயே ஒரு நல்ல நாளில் என் காருக்குப் பூசை போட வேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டார். பழைய வண்டிதானே என்றால், பழைய திருஷ்டியும் சேர்ந்து இருக்கும் என்றார். அதற்கு மறுமொழி கிடையாது. மாஸ்டர் பக்கத்தில் உட்கார, எல் ஒட்டிய காரைத் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வாசலில் கொண்டு நிறுத்தினேன். அர்ச்சகர் மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்து, நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும் நான்கு எலுமிச்சம்பழங்களை வைத்தார். "ஏத்திட்டு நேரா போங்கோ" என்றார். கற்பூரத் தட்டோடு அவரும், அவருக்குப் பின்னால் மாமியார், மனைவி, மகள், எதிர்வீட்டுக்காரர்கள், இஸ்திரிக் கடைக்காரர் ஆகியோரும் நின்றனர். கிளட்சை விட்டேன், வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. மறுபடி கிளப்பினேன், மறுபடி குதித்தது. ஒவ்வொரு குதிக்கும் எலுமிச்சம்பழங்கள் இரண்டு அங்குலம் முன்னால் உருண்டு, எனக்கு வழிவிட்டு நின்றன. மூன்றாம் முறை பதற்றத்தில் போட்ட கியர் ரிவர்ஸ் கியராக அமைந்துவிட்டதால், கார் பழங்களை விட்டுவிட்டுப் பின்னோக்கிச் சென்று, பூசணிக்காயின் பெரிய துண்டின்மேல் ஏறி நின்றது. கற்பூரம் அணைந்துவிட்டது. அர்ச்சகர் இன்னொரு வில்லையை எடுத்து வைத்துக்கொண்டே, "மெதுவா, மெதுவா, பிள்ளையார் எங்கேயும் போகமாட்டார்" என்றார். கடைசியில் மூன்று பழங்கள் நசுங்கின. நான்காவது, இஸ்திரிக் கடைப் பக்கம் உருண்டோடித் தப்பிவிட்டது. அந்த ஒரு பழத்தை மாமியார் இன்றுவரை மறக்கவில்லை, காரில் எந்தக் கீறல் விழுந்தாலும் அதன் கணக்கிலேயே எழுதுவார்.

ஓட்டுநர் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வலப்பக்கம் திரும்புவதற்குக் கைச்சைகை காட்டச் சொன்னபோது, ஏற்றியிருந்த சன்னல் கண்ணாடியில் என் கை மோதி, கதவைத் தட்டிய சத்தம் கேட்டது. "யாருங்க?" என்றார் ஆய்வாளர். மற்றபடி தேறிவிட்டேன்.

உரிமம் கைக்கு வந்த பிறகு, தனி பிரேக் வைத்த மாணவர் பக்கத்தில் இல்லாத வாழ்க்கை தொடங்கியது. ஐந்து ரோட்டில் 2020இல் திறக்கப்பட்ட ஈரடுக்கு மேம்பாலத்தைப் பற்றி எங்கள் ஊரார் பெருமையாகப் பேசுவார்கள். நான் அதன் சரிவை மட்டுமே அறிவேன். ஒரு மாலை பாலத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது முன்னால் வண்டிகள் தேங்கி, நானும் நிற்க வேண்டியதாயிற்று. ஸ்கூட்டரில் இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, கால் ஊன்றினால் வண்டி நிற்கும். காரிலோ சரிவில் நின்று கிளம்புவதற்கு ஒரு தனி வித்தை தேவை. கிளட்சைப் பாதிவரை விட்டு, இஞ்சினின் குரல் சற்றுத் தாழ்ந்து வண்டி முன்னால் போகத் துடிக்கும் அந்த ஒரு புள்ளியைக் காலால் உணர்ந்து, அதன் பிறகுதான் ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். இதற்கு ஆஃப் கிளட்ச் என்று பெயர். மாஸ்டர் இதைச் சொல்லும்போது, "குற்றியலுகரம் மாதிரி ஐயா, முழுசா ஒலிக்கக் கூடாது, பாதிதான்" என்றார். வகுப்புக்கு வெளியே நின்றபடியே பாடத்தைக் கேட்டிருக்கிறார்! ஆனால் அன்றைக்கு என் உகரம் முழுமையாகவே ஒலித்துவிட்டது. கிளட்ச் முழுவதும் விடுபட்டு இஞ்சின் அணைந்தது, ஹேண்ட் பிரேக்கையும் நான் இறக்கிவிட்டிருந்தேன், கார் பின்னால் உருளத் தொடங்கியது. பின்னால் நின்றது ஒரு நகரப் பேருந்து. அதன் நடத்துநர் ஊதிய விசில் இன்னும் என் காதில் இருக்கிறது. எந்த மிதியை மிதிக்கிறோம் என்று தெரியாமலேயே மூன்றையும் மாறி மாறி மிதித்ததில் ஒன்று பிரேக்காக இருந்து தொலைத்தது. பேருந்துக்கும் எனக்கும் நடுவே ஒரு முழம் மிச்சம். நடத்துநர் இறங்கிவந்து, என் சன்னலருகே குனிந்து, திட்டப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டபோது, "ஃபர்ஸ்ட் கியர் போடுங்க, நான் சொல்றப்ப ஹேண்ட் பிரேக்க எடுங்க" என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஒரு பேருந்து நிறையப் பயணிகள் பார்த்திருக்க, மேம்பாலத்தின்மேல் எனக்கு நடந்த அந்தக் கடைசிப் பாடத்துக்கு யாரும் கட்டணம் வாங்கவில்லை.

ஸ்கூட்டர்காரன் புத்தி சந்துகளைக் கண்டால் மயங்கும். முக்கால் மீட்டர் இடைவெளி இருந்தால் போதும், உலகமே திறந்துகிடப்பதாக எண்ணும். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால், மனைவியும் மகளும் தடுத்தும் கேளாமல், வழக்கமாக ஸ்கூட்டரில் நுழையும் அதே துணிச்சலோடு சின்னக்கடை வீதிக்குள் காரை விட்டேன். இரண்டு பக்கமும் நடைபாதைக் கடைகள், நடுவே ஜனங்கள். ஒரு பக்கக் கண்ணாடி பூக்கூடையில் இடித்து மடங்கியது. மறுபக்கக் கண்ணாடியில் ஒரு நைட்டி, ஹேங்கரோடு தொங்கிக்கொண்டு எங்களுடன் சிறிது தூரம் வந்தது. அதற்கு மேல் முன்னால் போக வழியில்லை. 1.44 மீட்டர் என்று இயற்பியல் ஆசிரியர் சொன்னது என் செவியில் ஒலித்தது. நம் நாட்டில் ஒரு கார் ரிவர்ஸ் எடுக்கத் தொடங்கிவிட்டால், அதுவரை வேலையற்று நின்ற அத்தனை பேருக்கும் வேலை கிடைத்துவிடும். "வாங்க வாங்க வாங்க", "ஃபுல்லா ஒடிங்க", "அட, இந்தப் பக்கம் ஒடிங்க", "நேர் பண்ணுங்க" என்று எட்டுப் பேர் எட்டுத் திசைகளிலிருந்து வழிநடத்தினார்கள். ஒருவர் காரின் பின்புறத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். தட்டினால் வரலாம் என்று பொருளா, நில் என்று பொருளா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. வீதியின் முனைக்கு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. துணியெடுக்க வந்த என் மனைவி, நடுவழியில் இறங்கிப்போய்ப் புடவையெடுத்து, பணம் கொடுத்து, பையோடு திரும்பிவந்து அதே காரில் ஏறிக்கொண்டார். நைட்டிக்கும் அவர்தான் பணம் கொடுத்தார்.

ஏற்காட்டுக்கும் போய்வந்தோம். 20 கொண்டை ஊசி வளைவுகள். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை என்று விதி இருப்பதால், ஏறும்போது உலகம் எனக்கு வழிவிட்டது. இறங்கும்போது நான் உலகத்துக்கு வழிவிட்டேன். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பாடத்தை மட்டும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு, பெரும்பாலும் இரண்டாம் கியரிலேயே ஊர்ந்துவந்தேன். மாமியார் வளைவுக்கு ஒன்றாக "முருகா" சொல்லிக்கொண்டே வந்தார். அடிவாரம் வந்ததும் மகள், தான் எண்ணியதில் 23 முருகா என்றாள். கூடுதலான அந்த மூன்றும் எங்கெங்கே என்று நான் கேட்கவில்லை.

இருசக்கர வாகனத்தில் தலைக்கவசம் கட்டாயம் என்று 2015 சூலை முதல் தேதியிலிருந்து உயர் நீதிமன்ற ஆணையால் வழக்கத்துக்கு வந்ததல்லவா, அந்தப் பழக்கமும் காருக்குள் கூடவே வந்தது. இரண்டு முறை தலைக்கவசத்தோடு காரில் ஏறி, உச்சியில் 'டொக்' என்று இடித்த பிறகே நினைவு வந்திருக்கிறது. மூன்றாம் முறை இடிக்காததால், பள்ளி வாசல்வரை அப்படியே போய்விட்டேன். காவலர் வணக்கம் வைத்த விதத்திலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

இப்போது காரில் எனக்கு ஓரளவு கைவந்துவிட்டது, கால்வந்துவிட்டது என்று சொல்வது இன்னும் சரி. வைப்பர் ஓடினால் மழை என்று பொருள். சென்ற மாதம் காரைச் சர்வீசுக்கு விட்டிருந்ததால், நெடுநாள்களுக்குப் பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினேன். ஐந்து ரோட்டில் பாலத்தின் அடியில் சிவப்பு விளக்கு. பிரேக் பிடித்தேன், சரியாகக் கோட்டின் பின்னால் நின்றது. முன்னால் பார்த்தபடி, நிதானமாக, நாலு சக்கர வண்டிக்காரனுக்குரிய மிடுக்கோடு அமர்ந்திருந்தேன். வண்டி என்னையும் சுமந்துகொண்டு, எந்த அவசரமும் இல்லாமல், இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்தது. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் ஓடிவந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினார். "என்ன சார், நின்ன வண்டில போயி உழுந்துட்டீங்க? கால ஊனலீங்களா?" என்றார். குனிந்து பார்த்தேன். தரையில் கிடந்தபடியே என் இடக்கால், ஸ்கூட்டரின் கால்மிதிப் பலகை இருந்த திசையில் விறைத்துக்கொண்டு, கிளட்சை முழுவதும் மிதித்துப் பிடித்திருந்தது.